ஆறா, எட்டா? சொகுசு செடானுக்கு எந்த எஞ்சின்?

[திரையில்: இரண்டு பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் கார்கள். பின்பக்கம் மட்டும் தெரிகிறது.]

வணக்கம். திரையில் நிற்கும் இரண்டு கார்களையும் பாருங்கள். இரண்டும் 2016-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 7 சீரிஸ். ஒரே பாடி, ஒரே இருக்கைகள், இரண்டிலும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். டிக்கியில் ஒட்டியிருக்கும் எண்தான் வேறு. இதில் 740, அதில் 750. முதல் வண்டியின் பானெட்டைத் திறந்தால் ஆறு சிலிண்டர். இரண்டாவதைத் திறந்தால் எட்டு.

பழைய கார் சந்தையில் இப்படி இரண்டு வண்டிகள் அருகருகே விலைக்கு வரும்போது, வாங்குகிறவர் மனம் உடனே எட்டின் பக்கம் சாயும். ஆறு என்றால் கொஞ்சம் சிக்கனம் பார்த்தவர் எடுத்தது, எட்டுதான் அசல் சொகுசு என்று ஓர் எண்ணம் நெடுநாளாக ஊறிப்போயிருக்கிறது. இந்த வீடியோவில் அந்த எண்ணத்தைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம். எத்தனை சிலிண்டர் என்று கேட்பதற்கு முன்னால், அந்தச் சிலிண்டர்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்க வேண்டும். சொகுசு காரில் நாம் காசு கொடுத்து வாங்கும் அமைதி அங்கேதான் தீர்மானமாகிறது.

[திரையில்: ஒரு சிலிண்டரின் வெட்டுத் தோற்றம். பிஸ்டன் மெதுவாக ஏறி இறங்குகிறது.]

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். ஒரு பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு முறை வெடிக்கும். அதாவது 720 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. ஆறு சிலிண்டர் இருந்தால் 120 டிகிரிக்கு ஒன்று. எட்டு இருந்தால் 90 டிகிரிக்கு ஒன்று. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிதானமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டரில் நொடிக்கு 75 வெடிப்புகள், எட்டில் 100. வெடிப்புகள் நெருங்க நெருங்க, ஒன்றின் உந்துதல் அடங்குவதற்குள் அடுத்தது வந்து கைகொடுக்கும். எட்டு சிலிண்டர் வண்டி நின்ற இடத்திலிருந்து நகரும்போது யாரோ பின்னாலிருந்து பதமாகத் தள்ளுவது போல இருக்கிறதே, அதற்கு இது ஒரு காரணம். இந்த இடத்தில் எட்டுக்குத்தான் மதிப்பெண்.

ஆனால் அதிர்வு வெடிப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதே ஓர் உதறல்தான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து வேலை செய்வதால், பிஸ்டன் பாதையின் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் கொஞ்சம் மெதுவாகவும் போகிறது. இந்த ஏற்றத்தாழ்வு, கிராங்க் சுற்றும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் இன்னோர் அதிர்வைக் கிளப்பும். நான்கு சிலிண்டர் காரில் ஸ்டியரிங்கில் கை வைத்தால் தெரியும் அந்தக் கிறுகிறுப்பு பெரும்பாலும் இதுதான்.

இப்போது ஆறு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். ஒன்றாவது பிஸ்டன் மேலே போகும்போது ஆறாவதும் மேலே போகும். இரண்டும் ஐந்தும் ஜோடி. மூன்றும் நான்கும் ஜோடி. முன்பாதி பின்பாதிக்குக் கண்ணாடி பிடித்தது போல. முதல் வகை உதறலும் இரண்டு மடங்கு வேக உதறலும், எஞ்சினின் முன்முனையும் பின்முனையும் மாறி மாறி ஆடும் ஆட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். கூடுதல் எடை வேண்டாம், அதிர்வை அடக்க எதிராகச் சுற்றும் சமன்தண்டு வேண்டாம். வடிவத்திலேயே அமைதி இருக்கிறது. எஞ்சின் வடிவமைப்பில் இதைவிட அழகான விஷயம் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

அந்த 740-க்குள் இருப்பது இதே வகைதான். பி58 என்று பெயர். 2998 சிசி, ஒரே வரிசையில் ஆறு.

சரி, வி6 என்ன ஆயிற்று? அதுவும் ஆறுதானே? ஆறுதான், ஆனால் அது மூன்று மூன்றாகப் பிரித்துச் சாய்த்து வைத்த ஆறு. மூன்று சிலிண்டர் வரிசைக்கு முன்னும் பின்னும் ஆடும் குணம் உண்டு. இரண்டு வரிசையைச் சேர்த்தாலும் அந்தக் குணம் முழுதாகப் போவதில்லை. பென்ஸ் 1990-களின் பிற்பகுதியில் தன் புகழ்பெற்ற நேர்வரிசை ஆறைக் கைவிட்டு வி6-க்கு மாறியபோது, ஆட்டத்தை அடக்க உள்ளே ஒரு சமன்தண்டு வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஏன் மாறினார்கள்? நேர்வரிசை ஆறு நீளமானது. மோதலின்போது நசுங்குவதற்கு முன்பக்கத்தில் இடம் விட வேண்டும். வி6-ஐ வி8-உடன் ஒரே எந்திரங்களில் செய்துகொள்ளலாம் என்ற கணக்கும் இருந்தது.

இருபது ஆண்டு கழித்து, 2017-இல் அதே பென்ஸ், எஸ் கிளாஸில் நேர்வரிசை ஆறைத் திரும்பக் கொண்டுவந்தது. எம்256 என்ற அந்த எஞ்சினில் முன்பக்க பெல்ட்டே கிடையாது. ஏசி கம்ப்ரஸர், தண்ணீர் பம்ப் எல்லாம் 48 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகின்றன. பெல்ட் போனதால் நீளம் குறைந்தது, எஞ்சின் உள்ளே உட்கார்ந்தது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் மின்மோட்டார், தேவைப்படும்போது தோள் கொடுக்கும். சிக்னலில் அணைந்த எஞ்சின் மறுபடி உயிர் பெறுவது பின்சீட்டில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

[திரையில்: கிராங்க் ஷாஃப்ட் ஒன்று. முன்னாலிருந்து பார்த்தால் கூட்டல் குறி வடிவம்.]

எட்டின் கதையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேடிலாக் 1914-இல் வி8 காரை அறிமுகப்படுத்தியபோது அதன் கிராங்க் தட்டையானது. ஓட்டத்தில் அதிர்வு இருந்தது. 1923-இல் கிராங்கின் கைகளைக் கூட்டல் குறி போல 90 டிகிரிக்கு ஒன்றாகத் திருப்பி, கனமான எதிர் எடைகளைச் சேர்த்தார்கள். வி8 பட்டுப் போல ஆனது அன்றைக்குத்தான். சொகுசு செடான்களில் வரும் வி8-களில் பெரும்பாலானவை இந்தக் கிராங்கைத்தான் சுமக்கின்றன. அந்தக் குமுறல் சத்தமும் இதிலிருந்துதான் வருகிறது. மொத்தத்தில் வெடிப்பு சீராக இருந்தாலும், ஒவ்வொரு பக்கத்து நான்கையும் தனியாகக் கேட்டால் இடைவெளி ஏறுமாறாக இருக்கும். சைலன்சரில் அந்த ஏறுமாறுதான் இசையாகிறது.

லெக்ஸஸ் என்ற பெயரே வி8-இன் மேல் கட்டப்பட்டது. 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் எல்எஸ் 400 வந்தது. 4 லிட்டர் வி8. பானெட்டின் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, சக்கரங்களை உருளைகளின் மேல் அசுர வேகத்தில் சுற்றவிட்டு ஒரு விளம்பரம் எடுத்தார்கள். ஒரு கோப்பைகூட விழவில்லை. 28 ஆண்டு கழித்து, 2017 ஜனவரியில் அதே டெட்ராய்ட் கண்காட்சியில் புதிய எல்எஸ் 500 மேடைக்கு வந்தபோது அதற்குள் வி8 இல்லை. 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6. பழைய 4.6 லிட்டர் வி8-ஐவிட அதற்கு டார்க், அதாவது சுழற்றும் விசை, சுமார் 100 நியூட்டன் மீட்டர் கூடுதல். எட்டின் மேல் பெயரெடுத்தவர்களே ஆறுக்கு வந்தார்கள் என்றால், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ எவ்வளவு மாற்றிவிட்டது என்று பாருங்கள்.

இதில் வரிக்கும் பங்கு உண்டு. சீனாவில் காருக்கான நுகர்வு வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. 3 லிட்டர் வரை 12 சதவீதம். அதைத் தாண்டினால் 25. நான்கைத் தாண்டினால் 40. பெரிய சொகுசு செடான்கள் அதிகம் விற்கும் நாடு அது. பிஎம்டபிள்யூவின் ஆறு 2998, பென்ஸின் ஆறு 2999, பென்ஸின் புதிய வி8 3982 சிசி. எல்லாமே கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம். நம் நாட்டில் அந்தப் படிக்கட்டு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம்தான், ஆறானாலும் எட்டானாலும். செங்கல்பட்டு மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் பூட்டப்படும் 7 சீரிஸ்களில் நேர்வரிசை ஆறு கொண்ட வண்டியும் உண்டு.

[திரையில்: மறுபடியும் 740, 750. இப்போது பானெட் திறந்திருக்கிறது.]

நம் இரண்டு கார்களுக்குத் திரும்புவோம். 740-இல் 326 குதிரைத்திறன், 450 நியூட்டன் மீட்டர். அந்த முழு டார்க்கும் 1380 சுற்றிலேயே கிடைத்துவிடும். நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.5 நொடியில் தொடும். 750-இல் 450 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர். நான்கு சக்கர இயக்கத்துடன் 4.4 நொடி. நகரத்தில் இந்த ஒரு நொடி உங்களுக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் 80-இல் போய்க்கொண்டிருக்கும்போது லாரியைக் கடக்க ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்தால் தெரியும். ஆறு ஒரு கியர் இறங்கி, குரலை உயர்த்திக் கடக்கும். எட்டு குரல் உயர்த்தாமலே கடந்துவிடும். இதற்காக ஒருவர் எட்டை விரும்பினால் அதில் தவறே இல்லை.

விலை அதற்கு வேறு இடத்தில் இருக்கிறது. 750-இன் என்63 எஞ்சின் 2008-இல் முதலில் வந்தபோது ஒரு புதுமையோடு வந்தது. வழக்கமாக வி8-இன் இரு பக்கமும் வெளியே தொங்கும் டர்போக்களை, வி-யின் நடுப்பள்ளத்தில் வைத்தார்கள். குழாய் நீளம் குறைந்தது, டர்போ சட்டென்று விழித்தது. ஆனால் எஞ்சினிலேயே மிகச் சூடான இரண்டு உறுப்புகள், காற்று போக வழியில்லாத பள்ளத்தில் உட்கார்ந்தன. சுற்றியிருக்கும் ரப்பர் குழாய், பிளாஸ்டிக் இணைப்பு, ஒயர், வால்வு ஆயில் சீல் எல்லாம் அந்தச் சூட்டில் வேகின்றன. முதல் பதிப்பில் ஆயில் குடிப்பது, வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் தொய்வது, இன்ஜெக்டர் கோளாறு, பேட்டரி சீக்கிரம் சாவது என்று புகார்கள் குவிந்தன. 2014 டிசம்பரில் நிறுவனமே அமெரிக்காவில் இந்த எஞ்சினுக்கென்று ஒரு தனிச் சோதனைத் திட்டம் அறிவித்தது. ஆயில் மாற்றும் இடைவெளியையும் 10,000 மைல் அல்லது ஓராண்டு என்று குறைத்தது.

2016 வண்டியில் இருப்பது திருத்திய மூன்றாம் பதிப்பு. நிறையச் சரிசெய்திருக்கிறார்கள். இருந்தாலும் பள்ளமும் சூடும் அப்படியேதான் இருக்கின்றன. ஆகவே 2009, 2010 காலத்து 750 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், தயவுசெய்து போகாதீர்கள். அந்த மலிவு, அடுத்து வரப்போகும் ஒர்க்‌ஷாப் பில்லைக் கழித்துக்கொண்டு போட்ட விலை.

ஆறும் கடவுள் படைப்பு இல்லை. பி58-இல் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கும் பிளாஸ்டிக் வால்வு கவரும் வயதானால் கசியும். டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், அதைத் தொட வேண்டி வந்தால் பெரிய வேலை. ஆனால் அது அபூர்வம். டர்போ ஒரே பக்கத்தில், மெக்கானிக்கின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. பிளக் மாற்றுவது முதல் கசிவு தேடுவது வரை எல்லாமே சுலபம்.

என் சொந்தக் காசு என்றால் நான் 740-ஐத்தான் எடுப்பேன். பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவருக்கும், தினம் நகரத்தில் ஊர்கிறவருக்கும், ஐந்தாறு வருடம் வைத்திருக்க நினைக்கிறவருக்கும் இதையே சொல்வேன். எட்டு யாருக்கு? தானே ஓட்டுகிறவர், நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் செய்கிறவர், அந்தச் சத்தத்தை உண்மையாகவே நேசிக்கிறவர், வாங்கும் விலைக்கு மேல் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தொகையை எடுத்து வைக்கக் கூடியவர். இவர்கள் 2019-க்குப் பிறகு வந்த 750-ஐப் பார்க்கலாம். 530 குதிரைத்திறன், 750 நியூட்டன் மீட்டர். சர்வீஸ் பதிவுகள் முழுதாக இருக்கிறதா, ஆயில் சொன்னதைவிட அடிக்கடி மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

[திரையில்: சைலன்சரின் முனை, காலை வெளிச்சம்.]

வி8-ஐப் பார்க்கப் போனால் ஒரு சோதனையை மட்டும் விடாதீர்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, எஞ்சினை அணைக்காமல் கால் மணி நேரம் ஐடிலில் விடுங்கள். அப்புறம் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதியுங்கள். நீலப் புகை வந்தால் வால்வு சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். பெரிய வேலை அது. ஆறோ எட்டோ, செயின் சத்தம் குளிர்ந்த எஞ்சினில்தான் கேட்கும். அதனால் போவதற்கு முந்தின நாளே விற்பவருக்கு ஃபோன் செய்து, நீங்கள் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாகப் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.