சோலைக்கிளி: ஒரு குருவிக்கு எத்தனை பெயர்?

[காட்சி: விடியலுக்கு முந்தைய இருட்டு. ஈரம் சொட்டும் சோலைக்காடு. எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு சீட்டி ஒலி மட்டும்.]

கேட்டதா? இருங்கள், இன்னொரு முறை போடுகிறேன்.

[அதே ஒலி, சற்றுச் சத்தமாக.]

இந்தச் சீட்டியைக் கேட்டு மேலே கிளைகளில் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். ஆள் கீழே, புதருக்குள் இருக்கிறார். சருகில் நாலு தத்தல், ஒரு நிறுத்தம், ஒரு கொத்து, மறுபடி இருட்டுக்குள். கேமராவைத் தூக்குவதற்குள் காணாமல் போயிருக்கும்.

[காட்சி: பறவை, மிக அருகில்.]

இதுதான் நீலகிரி சோலைக்கிளி. ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவுதான். முதுகும் மார்பும் மங்கிய நீலம், விலாப்புறம் செங்காவி, வயிற்றின் நடுவில் வெள்ளை. உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். அந்தக் கால்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குழப்பமே அங்கேதான் ஆரம்பம்.

1840-களில் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் இதை முதலில் விவரித்தபோது, ஐரோப்பாவின் செவ்வால் குருவிகளோடு சேர்த்தார். அப்புறம் பார்த்தவர்கள், குட்டை இறக்கை, தரையில் நடமாட்டம், நீளக் கால் என்று கணக்குப் போட்டு, இமயமலைப் பக்கம் வாழும் பிராக்கிப்டெரிக்ஸ் என்ற குட்டையிறக்கைக் குருவிகளின் பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில்) வைத்தார்கள். 1868-இல் பழனிமலையிலிருந்து வெள்ளை வயிறு கொண்ட உறவினர் ஒருவர் அறிவியலுக்கு அறிமுகமானார். அவரையும் பின்னாளில் இதே இனத்தின் துணையினம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 2005-இல் இரண்டையும் தனித்தனி இனமாகப் பிரித்து, மையோமேலா என்ற வேறொரு பேரினத்துக்கு மாற்றினார்கள். குருவி என்னவோ அதே சோலையில் அதே புழுவைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

2017-இல் பறவை ஆய்வாளர் வி.வி.ராபின் குழுவினர் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். முன்பு சொன்ன எந்த வீட்டுக்கும் இது சொந்தமில்லை! நெருங்கிய சொந்தங்கள் கிளையில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்கள். நீலகிரி ஈப்பிடிப்பான் இதே சோலையில் மேல்மாடியில் குடியிருக்கிறது, நம்மாள் தரைத்தளத்தில். நீளக் காலும் குட்டை இறக்கையும் தரை வாழ்க்கைக்காக வந்தவை, அதை வைத்து உறவு சொல்ல முடியாது. நம் வீட்டு மதில்மேல் பாடும் குண்டுகரிச்சானும் இதே பெரிய குடும்பம்தான்.

ஆக, புதிய பேரினம்: ஷோலிகோலா. சோலையில் வசிப்பது என்று பொருள். லத்தீன் பெயருக்குள் நம்முடைய 'சோலை' போய் உட்கார்ந்துகொண்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. சோலைக்கிளி என்கிறார்களே, இது கிளியா என்று கேட்காதீர்கள். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை.

[காட்சி: மேற்குத் தொடர்ச்சி மலையின் வரைபடம். பாலக்காட்டுக் கணவாய் ஒளிர்கிறது.]

சரி, ஒரே மலைத்தொடரில் ஏன் வெவ்வேறு இனங்கள்? வரைபடத்தைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். நமக்குப் பேருந்தில் கொஞ்ச நேரம். குளிர்ந்த இருட்டை விட்டு வெளியே வராத குட்டையிறக்கைக் குருவிக்கு அந்தச் சூடான தாழ்நிலம் கடல் மாதிரி. கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலிருந்து கர்நாடகத்தின் பாபாபுதன் மலை வரை செங்காவி விலாக்காரர். தெற்கே ஆனைமலை, பழனி, மேகமலையில் வெள்ளை வயிற்றுக்காரர். இந்தப் பிரிவுதான் மரபணுவில் மிக ஆழமானது. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைப் பகுதியில் இருப்பதையும் ராபின் குழு தனி இனமாக அறிவித்தது. அதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளை வயிற்றினத்தின் துணையினம் என்று சொல்பவர்களும் உண்டு.

[காட்சி: புல்வெளி மலை. மடிப்புகளில் கரும்பச்சைத் திட்டுகள்.]

இப்போது வீட்டைப் பார்ப்போம். மேலே எல்லாம் புல்வெளி. காற்று அதிகம் அடிக்காத, நீர் ஓடும் மலைமடிப்புகளில் மட்டும் சோலை. மரங்கள் உயரமில்லை, கிளைகள் முறுக்கிக்கொண்டு, பாசி போர்த்தி நிற்கும். நண்பகலிலும் உள்ளே மாலை மாதிரி. கீழே குறிஞ்சிப் புதர், ஈரச் சருகு, ஓடை. இந்த ஈரச் சருகுதான் இதன் சமையலறை. மரப்பொந்திலோ மண்கரைப் பொந்திலோ பாசி வைத்துக் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டே முட்டைகள்.

ஆங்கிலேயர் காலம் தொட்டுத் தேயிலையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வந்து சோலைத் திட்டுகளைச் சுருக்கிவிட்டன. நீலகிரி இனம் இன்று அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. கணவாயைத் தாண்டாத குருவிக்குத் திட்டுகளுக்கு நடுவே கிடக்கும் தேயிலையும் ஒரு சின்னக் கணவாய்தான்.

இதைப் பார்க்க ஆசையா? பகலில் காட்டுக்குள் மிதித்து நுழைய வேண்டாம். சோலையை ஒட்டிய பழைய பங்களாவின் பின்பக்கம், வெளிச்சம் மங்கும் நேரத்தில் அசையாமல் உட்காருங்கள். முற்றத்து ஓரம்வரை வரும்.

[காட்சி: அந்தி. ஈரமான கல்படி. ஒரு தத்தல். திரை இருள்கிறது, சீட்டி ஒலி தொடர்கிறது.]