பிளஸ் ஒன்ல பயாலஜியா கம்ப்யூட்டரா? வேலந்தாவளத்து அம்மாவோட கேள்வி

சரிங்க, அடுத்த கேள்வி. கேரளா பார்டர்ல, பாலக்காடு ஜில்லால இருக்கற வேலந்தாவளத்துல இருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காங்க. பொண்ணு தமிழ் மீடியத்துல எஸ்.எஸ்.எல்.சி நல்ல மார்க்கோட பாஸாயிருச்சு, வீட்ல தென்னந்தோப்பு இருக்கறதால அது அக்ரி படிக்கோணும்ங்குது, பெரியப்பா கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தாதான் ஸ்கோப்புங்கறாரு, பக்கத்து வீட்ல என்னடான்னா பிளஸ் ஒன்னுக்கே பொள்ளாச்சில சேர்த்துருங்க, அப்பதான் கோயமுத்தூர்ல சீட் ஈஸியா கெடைக்கும்ங்கறாங்க, இதுல எதைக் கேக்கறதுன்னு கேட்டிருக்காங்க.

அம்மா, மொதல்ல குரூப் விஷயம். பெரியப்பா சொல்றது நல்லதுக்குத்தான், அதுல ஒண்ணும் இல்லீங்க. ஆனா கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப்ல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், கம்ப்யூட்டர் இந்த நாலுதான், பயாலஜி இருக்காது. பயாலஜி இல்லாம பி.எஸ்சி அக்ரி, கால்நடை டாக்டர், நர்சிங், எம்.பி.பி.எஸ் எதுக்கும் போறது கஷ்டம். அதே பயோ மேத்ஸ், அதாவது பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸோட பயாலஜி, எடுத்துச்சுன்னா நாளைக்கு மனசு மாறி பி.டெக் கம்ப்யூட்டர் போறேன்னாலும் போலாம், ஏன்னா இஞ்சினியரிங்குக்குக் கேக்கறது மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரிதான், பிளஸ் டூல கம்ப்யூட்டர் படிச்சிருக்கோணும்னு கட்டாயம் இல்ல. இதை நெறைய பேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க.

நானே இந்தத் தப்பைப் பண்ணியிருக்கேங்க, அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன். பல வருஷம் முன்னாடி எங்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன், கணக்கு நல்லா வரும், கம்ப்யூட்டர் எடுரா சாமின்னு நானேதான் சொன்னேன். ரெண்டு வருஷம் கழிச்சு மார்க் லிஸ்ட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வந்து வாசல்ல நிக்கறான், சார் நான் வெட்னரி போகணும்ங்கறான். வீட்ல பத்து இருபது ஆடு, சின்ன வயசுல இருந்து அதுங்களோடயே வளந்தவன். அன்னைக்கு நான் அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை, உனக்கு என்னடா ஆசைன்னு கேட்டிருந்தா போதும், கேக்கல. மார்க் லிஸ்ட்ல பயாலஜிங்கற வரியே இல்ல, அப்பறம் என்ன பண்றது.

இப்ப நம்ம பார்டர்க்காரங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். ஒரே பி.எஸ்சி அக்ரிதான், ஆனா வாளையார் தாண்டினா ரூல் வேற. இந்தப் பக்கம் கேரளா அக்ரி யூனிவர்சிட்டிக்கு, திருச்சூர் வெள்ளானிக்கரைல இருக்கறது, நீட் எழுதி அந்த ரேங்க்லதான் சீட். நீட்ல மொத்தம் 720 மார்க்ல 360 பயாலஜி மட்டுமே, பாதி. அந்தப் பக்கம் கோயமுத்தூர் தமிழ்நாடு அக்ரி யூனிவர்சிட்டில நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்ல கட்ஆஃப் போட்டு கவுன்சிலிங். இஞ்சினியரிங்கும் அப்படித்தான், இங்க கீம்ங்கற கேரளா நுழைவுத் தேர்வை எழுதி அதோட பிளஸ் டூ மார்க்கும் சேரும், அங்க மேத்ஸுக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50 ஆக 200க்கு கட்ஆஃப், அவ்ளோதான்.

அதைப் பாத்துட்டுத்தான் பொள்ளாச்சிக்கு மாத்துங்கன்னு சொல்றாங்க. ஆனா நேட்டிவிட்டின்னு, அதாவது அந்த ஸ்டேட்காரங்கதான்னு காட்டறது, ஒண்ணு இருக்குதுங்களே. தமிழ்நாட்டு இஞ்சினியரிங் கவுன்சிலிங்ல எட்டாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அங்கயே படிச்சிருந்தாத்தான் நேட்டிவிட்டி சர்டிபிகேட் இல்லாம விடுவாங்க, வெறும் ரெண்டு வருஷம் படிச்சா போதாது. கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு குடுக்கறாங்கல்ல, அதுக்கு ஆறாவதுல இருந்தே அங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருக்கணும். உங்க ரேஷன் கார்டு, ஆதார், தோட்டம் எல்லாம் சித்தூர் தாலுகால இருக்கறப்ப, சீட்டுக்காகன்னு மட்டும் பிள்ளைய தினம் பஸ் ஏத்தி பொள்ளாச்சிக்கு அனுப்பறதுல அர்த்தமே இல்லைங்கறதுதான் என் அபிப்பிராயம். இங்கயே தமிழ் செகண்ட் லாங்குவேஜா இருக்கற ஸ்கூலா பாத்துப் போடுங்க.

அதுக்காக கேரளாவுக்கு வெளிய வழியே இல்லைன்னு நெனைச்சுக்காதீங்க. க்யூட்னு (CUET) நாடு முழுக்க நடக்கற ஒரு நுழைவுத் தேர்வு, அதை எழுதினா நாடு முழுக்க அக்ரி யூனிவர்சிட்டிகள்ல ஐ.சி.ஏ.ஆர் கோட்டான்னு, அதாவது மத்திய அக்ரி ஆராய்ச்சி கவுன்சில் கோட்டான்னு, ஒரு பங்கு சீட்டுக்குப் போட்டி போடலாம், அதுல இந்த ஸ்டேட் நேட்டிவிட்டி பிரச்சனை வராது. நீட்டையும் க்யூட்டையும் ரெண்டையும் எழுத வைங்க.

இன்னொண்ணு, கேரளால பிளஸ் ஒன் மார்க்கும் சேர்ந்துதான் மொத்தம் 1200. அதனால முதல் வருஷம் சும்மா ஓட்டிரலாம்னு விட்றாதீங்க. பயோ மேத்ஸ் பாரம் ஜாஸ்திதான், நான் மறைக்கல. தமிழ் மீடியத்துல இருந்து போற பிள்ளைக்கு முதல் மூணு மாசம் இங்கிலீஷ் வார்த்தையே மிரட்டும், ராத்திரி புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு அழும் பிள்ளைங்களைப் பாத்திருக்கேன். அப்ப வேற குரூப்புக்கு மாத்தலாமான்னு யோசிக்காதீங்க, ஓணம் லீவு வரைக்கும் கூட நில்லுங்க, பழகிரும்.

பிளஸ் ஒன் அட்மிஷனுக்கு அக்ஷயா சென்டர்ல, அதாவது கேரளா கவர்மெண்ட் ஆன்லைன் சேவை மையத்துல, அப்ளிகேஷன் போடும்போது ஒரே ஸ்கூல்லயே பயாலஜி ஒரு ஆப்ஷன், கம்ப்யூட்டர் வேற ஆப்ஷன்னு தனித்தனியா வரும், அவசரத்துல மாறிப் போயிருது. முதல் ஆப்ஷன் கெடைச்சா சேர்ந்துதான் ஆகணும்ங்க. அதனால பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, ஸ்கிரீனை அதுவே பாக்கட்டும், பிரிண்ட்ல ஒவ்வொரு வரியா விரலை வெச்சு பயாலஜி இருக்குதான்னு படிக்கட்டும், அப்பறம் ஃபைனல் கன்ஃபர்ம் குடுங்க.

பெரியப்பாகிட்ட இந்த வீடியோவைக் காட்டுங்க, அவரு கோவிச்சுக்க மாட்டாரு. அடுத்து கொல்லங்கோட்டுல இருந்து ஒரு தம்பி காமர்ஸ் பத்திக் கேட்டிருக்காரு, அதுக்கு வர்றேன்.