சோற்று உருண்டையைக் கீழே வையுங்கள்! தொண்டையில் மீன் முள் சிக்கினால் என்ன செய்வது?

[திரையில்: வெள்ளைப் பஞ்சு. அதன்மேல் ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை.]

தெரிகிறதா? காமிராவை இன்னும் நெருக்குகிறேன். இப்போது? நீளம் ஒன்றரை சென்டிமீட்டர். தடிமனில் தலைமுடிக்குச் சற்றே அண்ணன். ஓர் இரவு முழுவதும் எச்சில் விழுங்கும்போதெல்லாம் என்னை அம்மாவைக் கூப்பிட வைத்தது இந்த மீன் முள்தான். மருத்துவரிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

அன்றிரவு நான் செய்தவற்றைச் சொல்கிறேன். மூன்று சோற்று உருண்டை, ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் வினிகர் கலந்த தண்ணீர். எல்லாமே தவறு. ஏன் தவறு என்பதுதான் இந்த வீடியோ.

அதற்கு முன் ஒன்று, அவசரமாக. சிக்கியவரால் பேச முடியவில்லை, இருமக்கூட முடியவில்லை, மூச்சு திணறுகிறது என்றால் அது முள் பிரச்சினை அல்ல, மூச்சுக்குழாய் அடைப்பு. வீடியோவை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். முன்பக்கம் குனிய வைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். போகவில்லையா? பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கியும் மேல்நோக்கியும் அழுத்துங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் இந்த வயிற்று அழுத்தம் கூடாது.

இனி முள்ளுக்கு வருவோம். முள் பெரும்பாலும் சிக்கும் இடங்கள் டான்சில், நாக்கின் வேர், அதற்குக் கீழே உணவுக்குழாயின் வாசல். உடற்கூறு பாடம் இவ்வளவு போதும்.

சோற்று உருண்டைக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசத்தான் காமிராவையே எடுத்தேன். டான்சில் பஞ்சு போல மெத்தென்ற சதை. முள்ளின் ஒரு முனை அதில் குத்தி நிற்கிறது, மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது மேலிருந்து ஓர் உருண்டை இறங்குகிறது. சுவரில் பாதி இறங்கிய ஆணியின் தலையில் சுத்தியல் என்ன செய்யுமோ, அதையேதான் இதுவும் செய்கிறது: முள்ளை இன்னும் ஆழமாக இறக்கும். அல்லது நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை ஒடித்துவிடும். பிறகு மருத்துவரின் இடுக்கிக்குப் பிடி கிடைக்காது. அல்லது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்ததைத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிடும்.

"எங்கள் பாட்டி உருண்டை கொடுத்துத்தான் சரியானது" என்று கீழே எழுதப்போகிறீர்கள். தெரியும். சும்மா ஒட்டிக்கொண்டிருந்த முள் உருண்டையோடு வழுக்கிப் போயிருக்கும். அது இருமினாலும் இரண்டு மடக்குத் தண்ணீருக்கும் போயிருக்கக்கூடிய முள். பெயரை உருண்டை தட்டிக்கொண்டு போய்விட்டது. பாட்டி மேல் எனக்குக் கோபமில்லை.

[திரையில்: கண்ணாடிக் குடுவையில் வினிகர், உள்ளே ஒரு கோழி எலும்பு.]

வினிகர் முள்ளைக் கரைக்கும் என்பது உண்மைதான். எலும்புக்கு உறுதி தருவது அதிலுள்ள கால்சியம் உப்பு. அமிலம் அதைக் கரைத்துவிடும். இந்தக் கோழி எலும்பு ரப்பர் போல வளையும். எப்போது? நாள்கணக்கில் ஊறிய பிறகு. நீங்கள் விழுங்கும் வினிகர் முள்ளின்மேல் படுவது ஒரு நொடியோ இரண்டு நொடியோ. அது முள்ளை விட்டுவிட்டு, ஏற்கெனவே கீறிக் கிடக்கும் சதையை எரிக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆறாம் நூற்றாண்டில் ஏட்டியஸ் என்று ஒரு கிரேக்க மருத்துவர் இருந்தார். தொண்டையில் சிக்கிய பொருளுக்கு அவர் எழுதிவைத்த வழிகளில் ஒன்று, பிளேசியஸ் என்ற புனிதரின் பெயரால் அந்தப் பொருளுக்கே ஆணையிடுவது: மேலே வா, இல்லையேல் கீழே போ! அடுத்த நூற்றாண்டில் வந்த பவுல் என்ற மருத்துவர் இன்னொரு வழி சொன்னார். மெல்லிய கடற்பஞ்சில் நூலைக் கட்டி விழுங்கச் செய்து, பிறகு நூலைப் பிடித்து மேலே இழுப்பது. வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஆனால் கவனியுங்கள்: அவர் தள்ளவில்லை, இழுத்தார்.

அங்கிருந்து நேராக அமெரிக்காவுக்குத் தாவுகிறேன். செவாலியர் ஜாக்சன், 1865 முதல் 1958 வரை வாழ்ந்த தொண்டை மருத்துவர். மனிதர்கள் விழுங்கியதையும் மூச்சோடு உள்ளிழுத்ததையும் வெளியே எடுப்பதே அவருக்கு வாழ்நாள் வேலை. எடுத்தவற்றைத் தூக்கி எறியவும் மாட்டார். பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் 2,374 பொருட்கள் இழுப்பறை இழுப்பறையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஊக்கு, பொத்தான், எலும்பு, நாணயம்... பள்ளிக்கு ஒருநாளும் தவறாமல் வந்ததற்காகக் கொடுத்த பதக்க ஊசிகூட இருக்கிறது. அதை விழுங்கிய அன்று அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போயிருக்குமா என்பதுதான் என் கவலை!

ஜாக்சன் விட்டுச்சென்ற விதி ஒன்று: முன்னே போகும் முனை குத்தும், பின்னே இழுபடும் முனை குத்தாது. சோற்று உருண்டை முனையை முன்னே அனுப்புகிறது. இடுக்கி அதைப் பின்னால் இழுக்கிறது. விஷயம் அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? சாப்பிடுவதை நிறுத்துங்கள். பலமாக இருமுங்கள். பிறகு ஒருவர் டார்ச் அடிக்க, கரண்டிக் காம்பால் நாக்கை மெல்ல அழுத்தி "ஆ" சொல்லுங்கள். டான்சிலில் வெள்ளை இழை தெரிந்தால் உடனே கொண்டாட வேண்டாம். எச்சில் இழையும் அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும். ஒருமுறை விழுங்கிவிட்டுப் பாருங்கள். எச்சில் இடம் மாறும், முள் மாறாது. முள்தான் என்றாலும் விரலை விட்டுத் துழாவாதீர்கள். மருத்துவரே எடுக்கட்டும் என்பது என் கட்சி.

சில நேரம் முள் போயிருக்கும், கீறல் மட்டும் உறுத்திக்கொண்டிருக்கும். அது ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் விழுங்கும்போதெல்லாம் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, வளைந்த இடுக்கியால் எடுப்பார். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மூக்கு வழியாக மெல்லிய காமிரா. உணவுக்குழாயில் இருந்தால் மயக்க மருந்து தேவைப்படலாம். 1982இல் பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத்தின் தாயாருக்கு அப்படித்தான் எடுத்தார்கள். அந்த அம்மையாருக்குத் தூண்டில் போடுவதில் கொள்ளைப் பிரியம். மீன்கள் கணக்குத் தீர்த்துக்கொண்டன போலிருக்கிறது.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிகிறது, ரத்தம் வருகிறது, நெஞ்சோ முதுகோ வலிக்கிறது, கழுத்து வீங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். உணவுக்குழாய் கிழிந்து சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

புறப்படும் முன் எதையும் சாப்பிடாதீர்கள். மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும். என்ன மீன் என்பதையும் சொல்லுங்கள். சில மீன்களின் முள் எக்ஸ்ரேயில் தெரியாது, சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.

என்னிடம் மருத்துவர் முதலில் கேட்டது, எங்கே குத்துகிறது. இரண்டாவது கேள்வி, எத்தனை உருண்டை. மூன்று என்றேன். உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். நான்கு.