கீபோர்டும் மவுஸும் கைக்குப் பழக எந்த கேமில் தொடங்கலாம்?

வணக்கம் மக்களே. புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள், இதுவரை போனில் மட்டும் கேம் ஆடியவர்கள், கேம் பக்கமே வராதவர்கள், இவர்கள் எல்லோருக்கும் கட்டாயம் ஒரு நண்பன் இருப்பான். "மச்சி, வேலரன்ட் இறக்கு, ஃப்ரீதான், வா ஆடலாம்" என்பான். அவன் பேச்சைக் கேட்காதீர்கள். இந்த வீடியோ முழுக்க அவனுக்கு எதிரானதுதான்.

வேலரன்ட் மோசமான கேம் என்று சொல்லவில்லை, நானும் ஆடுகிறேன். ஆனால் அதில் நடக்கப் பழகுவதற்குள் சுட்டுவிடுவார்கள். அணியில் ஐந்து பேர். தப்பித்தவறி கடைசியாக நீங்கள் மட்டும் உயிரோடு இருந்தால், செத்துப்போன நான்கு பேரும் உங்கள் திரையையே பார்த்துக்கொண்டு மைக்கில் வழி சொல்வார்கள். வழி சொல்கிறவர்கள் நல்லவர்கள். மற்றவர்கள் சொல்வதை இங்கே சொல்ல முடியாது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கும் இதே கதைதான். ஜிடிஏ வேறு மாதிரி தொல்லை: நடக்க ஒரு கூட்டம் விசைகள், கார் ஓட்ட ஒரு கூட்டம், சண்டைக்கு ஒரு கூட்டம்.

சரி, உண்மையில் கஷ்டம் எங்கே இருக்கிறது? விரலில் இல்லை. என் அக்கா வங்கியில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க கீபோர்டைத் தட்டுகிறவள், திரையைப் பார்த்தபடியே டைப் அடிப்பாள். அவளை ஒரு கேமில் உட்கார வைத்தேன். டபிள்யூ விசையைத் தட்டினாள், கதாபாத்திரம் ஓர் அடி வைத்து நின்றது. மறுபடி தட்டினாள், இன்னோர் அடி. "டேய், இது ஏன்டா விக்கல் எடுத்த மாதிரி நடக்குது?" என்றாள். டைப் அடித்துப் பழகிய விரலுக்குத் தட்டிவிட்டு எடுக்கத்தான் தெரியும், அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கத் தெரியாது. அதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். அடுத்து மவுஸ். கை லேசாக மேலே போனது, திரையில் விட்டம் தெரிந்தது. விட்டத்தைப் பார்த்தபடியே நேராக நடந்து சுவரில் முட்டி நின்றாள்.

நடப்பது ஒரு வேலை, பார்ப்பது இன்னொரு வேலை. நிஜத்தில் இரண்டையும் யோசிக்காமல் சேர்த்துச் செய்கிறோம். கேமில் ஒன்று இடது கைக்கும் ஒன்று வலது கைக்கும் பிரிந்துவிடுகிறது. கற்றுக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான், மற்ற விசைகள் எல்லாம் தானாக வந்துவிடும். போனில் ஃப்ரீ ஃபயரோ பிஜிஎம்ஐயோ ஆடியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இடது கட்டை விரலால் நடந்து, வலது கட்டை விரலால் பார்வையைத் திருப்பிப் பழகியிருப்பீர்கள். அந்தப் பிரிவினை உங்கள் மூளைக்கு ஏற்கெனவே தெரியும், கருவி மட்டும்தான் மாறுகிறது. நீங்கள் நான் சொல்லப்போவதில் பாதியைத் தாண்டிக்கூடப் போகலாம்.

கேமுக்குப் போவதற்கு முன் மேசையைச் சரிசெய்துவிடுவோம். லேப்டாப் டச்பேடில் முயற்சி செய்யாதீர்கள். டைப் செய்யும்போது உள்ளங்கை பட்டு கர்சர் ஓடக் கூடாது என்பதற்காக, விசை அழுத்தியிருக்கும்போது டச்பேட் வேலை செய்யாதபடி பல லேப்டாப்களில் வைத்திருக்கிறார்கள். ஆவணம் அடிக்க நல்ல ஏற்பாடு. கேமில் நடந்துகொண்டே திரும்ப முடியாது. இது தெரியாமல் "எனக்கு வரவே மாட்டேங்குது" என்று விட்டவர்கள் உண்டு. இருப்பதிலேயே விலை குறைந்த, வயர் வைத்த மவுஸ் போதும். விளக்கு மின்னும் மவுஸ் எல்லாம் இப்போது வேண்டாம்.

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இடது கை தெரிகிறதா? நடுவிரல் டபிள்யூ மேல், அது முன்னால் போக. மோதிர விரல் ஏ மேல், இடது பக்கம் போக. ஆள்காட்டி டி மேல், வலது பக்கம் போக. பின்னால் வர வேண்டுமானால் நடுவிரலை எஸ்ஸுக்கு இறக்குங்கள். கட்டை விரல் குதிப்பதற்கான ஸ்பேஸ் பாரில், சுண்டு விரல் ஷிஃப்டில். இப்போது வலது கையைப் பாருங்கள், மணிக்கட்டை மேசையில் ஒட்டவைத்து மவுஸை ஆட்டாதீர்கள். முன்கை சேர்ந்து நகரட்டும். மேசை ஓரம் வந்துவிட்டால் மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துத் தொடருங்கள். தூக்கி வைக்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை, கையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அம்புக்குறி விசைகள் இருக்கும்போது ஏன் இந்த நான்கு எழுத்து? ஆரம்பத்தில் அம்புக்குறிதான். மவுஸ் வலது கைக்கு வந்ததும் இடது கைக்கு வசதியான இடம் தேவைப்பட்டது, இந்த நான்கைச் சுற்றி வேறு விசைகளும் நிறைய இருந்தன. இதைப் பரப்பியதில் பெரிய பங்கு தெரஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங்குக்கு. 1997-ல் குவேக் என்ற துப்பாக்கி கேம் போட்டி ஒன்றில் ஜெயித்து, அந்த கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாக வாங்கிக்கொண்டு போனவர். ஜெயித்தவர் விரல் வைத்த இடத்தில் ஊரே விரல் வைத்தது.

விண்டோஸில் இரண்டு செட்டிங். ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால், பல விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்கான ஸ்டிக்கி கீஸ் வசதி வேண்டுமா என்று ஒரு பெட்டி வந்து கேமை மறைக்கும். அக்சஸிபிலிட்டி பகுதியில் அந்தக் குறுக்குவழியை மட்டும் அணைத்துவிடுங்கள். அப்புறம் மவுஸ் பகுதியில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். அது இருந்தால் மவுஸை வேகமாகத் தள்ளும்போது ஒரு தூரமும் மெதுவாகத் தள்ளும்போது வேறு தூரமும் கர்சர் போகும். கைக்கு அளவு பழகாது. அதையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது கேம்கள். முதலில் மவுஸ் மட்டும். ஒரு கைக்கு மட்டும் வேலை இருக்கட்டும்.

சாலிடேர் என்றதும் சிரிக்காதீர்கள். 1990-ல் விண்டோஸ் 3.0 உடன் அது வந்தபோது நிறைய பேருக்கு மவுஸே புதிது. ஒன்றைப் பிடித்து, இழுத்து, இன்னோர் இடத்தில் விடுவது என்ற பழக்கம் அந்தச் சீட்டுக்கட்டு வழியாகத்தான் பலர் கைக்கு வந்தது. 1992-ல் விண்டோஸ் 3.1 உடன் மைன்ஸ்வீப்பர் வந்தது. அதில் இடது கிளிக்கில் கட்டம் திறக்கும், வலது கிளிக்கில் கொடி நடப்படும். மாற்றிச் சொடுக்கினால் வெடித்துவிடும் என்பதால் எது எந்த பட்டன் என்று யாருக்கும் மறந்ததில்லை. உங்கள் அப்பாவோ மாமாவோ அலுவலகத்தில் இதில்தான் கற்றிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இப்போதைய சாலிடேரில் சீட்டைத் தொட்டாலே தானாகப் போய் உட்கார்ந்துவிடும், நடுவில் விளம்பரமும் வரும். பழகுவதற்காக ஆடுகிறீர்கள் என்றால் வேண்டுமென்றே இழுத்து வையுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஜிகாம்ப்ரி, பிள்ளைகளுக்கான குட்டி விளையாட்டுகளின் தொகுப்பு. இலவசம், விளம்பரம் கிடையாது. மவுஸை நகர்த்தினாலே மேலே இருக்கும் கட்டங்கள் அழிந்து அடியிலிருக்கும் படம் தெரியும். அடுத்ததில் கிளிக் செய்தால் அழியும், அதற்கடுத்ததில் டபுள் கிளிக். அவ்வளவுதான் விளையாட்டு. பெரியவர்கள் ஆடினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

பெரியவர்களுக்கென்றே வேண்டுமானால் அன்பேக்கிங். ஒரு பெண் வீடு மாறிக்கொண்டே இருக்கிறாள், நீங்கள் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை எடுத்து வைக்க வேண்டும். 1997-ல் ஒரு சிறுமியின் அறையில் ஆரம்பித்து 2018 வரை போகும். இடது கிளிக்கில் எடுத்து வைக்கலாம், வலது கிளிக்கில் திருப்பலாம். எல்லாம் பிரித்து முடித்த பிறகு, வைக்கக் கூடாத இடத்தில் இருக்கும் பொருளைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும், திட்டு கிடையாது. ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் சாமான்களை வைத்தே அவள் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேமே ஆடாத அம்மா, சித்தி, பெரியம்மாவை உட்கார வைக்க நான் சொல்வது வெண்பா. 2023-ல் வந்தது, கனடாவில் டொரன்டோவைச் சேர்ந்த 'விசை கேம்ஸ்' என்ற நிறுவனம் செய்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவள் அம்மா கொடுத்த பழைய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது, விட்டுப்போனதை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. மாவை ஊற்றி, ஆவி மேல்தட்டு வரை போகிற மாதிரி தட்டுகளை அடுக்க வேண்டும். மற்ற நாட்டுக்காரர்களுக்கு அது புதிர். நம் வீட்டு அம்மாவுக்கு விடை முதலிலேயே தெரியும், அதனால் கவனம் முழுக்க மவுஸில் இருக்கும். "தட்டை அப்படி வைக்கக் கூடாதுடா" என்று அவர்கள் நம் கையிலிருந்து மவுஸைப் பிடுங்குவார்கள், பாருங்கள், நமக்கு வேண்டியது அதுதான். நேரக் கணக்கு இல்லை, தப்பினால் திரும்பச் செய்யலாம். சின்ன கேம், ஓரிரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

கீபோர்டு மட்டும் என்றால் செலவே இல்லாமல் குரோமில் இருக்கும் டைனோசர். இன்டர்நெட் இல்லாதபோது வருமே, அதேதான். ஸ்பேஸ் பார் ஒன்று, கீழ் அம்புக்குறி ஒன்று. கட்டை விரல் பழகும். ஆனால் போகப்போக வேகம் கூடிப் பதற்றம் வரும், நிறைய நேரம் ஆட வேண்டாம். காசு கொடுத்து வாங்கலாம் என்றால் 2019-ல் வந்த எ ஷார்ட் ஹைக். ஒரு பறவை மலை உச்சிக்கு ஏறிப் போகிறது. பார்வைக் கோணத்தை கேமே பார்த்துக்கொள்ளும், நீங்கள் நடந்து, குதித்து, காற்றில் மிதந்தால் போதும். விழுந்தால் சாவு கிடையாது. விழுவதே அழகாக இருக்கும்.

இரண்டு கையும் சேர வேண்டிய கட்டம் இனிமேல்தான். இங்கே எதிரியே இல்லாத கேம் வேண்டும். பவர்வாஷ் சிமுலேட்டர் அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். துப்பாக்கி கேமில் இருப்பது போலவேதான் கண்ட்ரோல், ஆனால் கையில் இருப்பது தண்ணீர் பீய்ச்சும் குழாய். அழுக்கு வண்டியைக் கழுவ வேண்டும். குறி வைப்பது, குறியைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடப்பது, குனிவது எல்லாம் வந்துவிடும். எங்கே அழுக்கு மிச்சம் என்று தெரியவில்லையா, டேப் விசையைத் தட்டினால் அது மட்டும் மின்னும். ஒரு பாகம் சுத்தமானதும் 'டிங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் கொஞ்ச நேரம் ஆடுவீர்கள்.

மைன்கிராஃப்டும் நல்லதுதான், சாவு பயமில்லாமல் கட்டிக்கொண்டே இருக்கும் கிரியேட்டிவ் மோடில் தொடங்குங்கள், எதிரிகள் தொல்லை தராத பீஸ்ஃபுல் வைத்துக்கொள்ளுங்கள். இடது கிளிக்கில் உடையும், வலது கிளிக்கில் வைக்கப்படும், நடுச் சக்கரத்தை உருட்டினால் கையில் இருக்கும் பொருள் மாறும். ஸ்பேஸை இரண்டு முறை தட்டினால் பறக்கலாம். விழுந்தால் அடிபடும் சர்வைவல் மோடுக்கு மாறிய பிறகு உயரத்தில் கட்டும்போது ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டால் விளிம்பிலிருந்து விழ மாட்டீர்கள், சுண்டு விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

சிலருக்கு இந்த மாதிரி கேம்களில் தலை சுற்றும். குமட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகாது. செட்டிங்கில் மோஷன் பிளர் (திரும்பும்போது படம் மங்கலாவது), நடக்கும்போது தலை ஆடுவது போன்ற அசைவு இரண்டையும் அணையுங்கள், பார்வைக் கோணத்தை அகலமாக்குங்கள். மவுஸ் வேகத்தையும் குறையுங்கள். திரை மெதுவாகத் திரும்பினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறதா, தலை சுற்றுகிறதா என்று பார்க்க அந்த நேரம் தாராளம்.

கடைசியாகப் போர்ட்டல். 2007-ல் வால்வ் வெளியிட்டது, அதனால் இன்றைய சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். கற்றுக்கொடுப்பதில் இதை மிஞ்சிய கேமை நான் பார்த்ததில்லை. தொடக்கத்தில் உங்கள் கையில் எதுவுமே கிடையாது. நடக்கலாம், பார்க்கலாம், ஒரு பெட்டியை ஈ விசையால் தூக்கிப் பொத்தான் மேல் வைக்கலாம், கதவு திறக்கும். அப்புறம்தான் சுவரில் வாசல் போடும் கருவி வரும், ஒரு வாசலில் புகுந்தால் இன்னொன்றில் வெளியே வரலாம். அதுவும் பாதிதான். நீல வாசல் மட்டும், இன்னொரு வாசலை அறையே போட்டு வைத்திருக்கும். பல அறைகள் தாண்டிய பிறகுதான் ஆரஞ்சு வாசலும் உங்கள் பொறுப்புக்கு வரும். அதற்குள் ஒரு பட்டன் கையில் படிந்திருக்கும், இரண்டாவது சுமையாகத் தெரியாது. சுடுகிற எதிரி வருவது அதற்கும் பிறகு. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலில் அடி படாது. நின்று யோசிக்கலாம், அவசரம் அபூர்வம். வாசலுக்குள் புகுந்து தலைகீழாக வெளியே வரும்போது எங்கே பார்க்கிறோம் என்று குழம்பும், மவுஸைத் திருப்பி நிமிர்ந்துகொள்வீர்கள். அதை நூறு தடவை செய்துவிட்டால் விட்டத்தைப் பார்க்கும் வியாதி போயே போய்விடும்.

இதை முடித்தவர்களுக்கு 2011-ல் வந்த போர்ட்டல் 2. ஆரம்பத்திலேயே ஒரு குரல் விட்டத்தைப் பார் என்கும், தரையைப் பார் என்கும், அதாவது மவுஸ் பாடம். கொஞ்சம் கழித்து ஒருவன் வந்து 'ஆப்பிள்' என்று சொல்லச் சொல்வான், சொல்வதற்கு ஸ்பேஸ் பாரை அழுத்தவும் என்று திரையில் வரும். அழுத்திப் பாருங்கள். என்ன ஆகிறது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இவ்வளவு தூரம் ஆடிவிட்டு வந்தவர்களுக்கு ஸ்பேஸ் பார் எதற்கென்று தெரிந்திருக்கும்.