காலி ஹோட்டல், ரெண்டு ரிசப்ஷனிஸ்ட், ஒரு பேஸ்மென்ட்: 'தி இன்கீப்பர்ஸ்' தமிழ் விளக்கம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒரு பேய் படம். ஒரு பொண்ணு குப்பை பைய தூக்கிட்டு போயி வெளிய இருக்குற பெரிய தொட்டில போடணும், அவ்ளோதான் சீன். பை பாதி அவ ஒசரத்துக்கு இருக்கு, அடில ஓட்டை, என்னவோ தண்ணி ஒழுகுது, மேல பட்டுருமோன்னு கைய நீட்டி புடிச்சுகிட்டு தூக்குறா, எட்டல, மறுபடி தூக்குறா, மறுபடி எட்டல. பேய் இல்ல, ரத்தம் இல்ல, பின்னாடி யாரும் வந்து நிக்கல. இந்த படத்துல எனக்கு ரொம்ப புடிச்ச சீன் இதுதான், ஏன்னு போகப்போக சொல்றேன்.

[திரையில: படத்தோட பேர், அடுத்து பழைய ஹோட்டல் முகப்பு]

'தி இன்கீப்பர்ஸ்', 2011 படம், டைரக்டர் டை வெஸ்ட். கதை முழுசும் சொல்லிருவேன், கிளைமாக்ஸ் உட்பட, அதனால படத்த ஃப்ரெஷ்ஷா பாக்கணும்னா இங்கயே பாஸ் பண்ணிட்டு போயி பாத்துட்டு வாங்க, வீடியோ எங்கயும் ஓடிப்போகாது.

இந்த படம் வந்த கதையே சுவாரஸ்யம்தாங்க. இதுக்கு முன்னாடி டை வெஸ்ட் இன்னொரு பேய் படம் எடுத்துட்டு இருந்தாரு, 2009ல வந்துச்சு. அந்த ஷூட்டிங்குக்காக அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல டாரிங்டன்னு ஒரு சின்ன ஊர்ல யாங்கி பெட்லர் இன்னுங்கற பழைய ஹோட்டல்ல மொத்த யூனிட்டும் தங்கியிருக்காங்க. பகல்ல எங்கயோ போயி பேய் படம் எடுக்குறது, நைட்டு திரும்பி வந்து படுத்தா இந்த ஹோட்டல்ல கதவு தானா மூடுது லைட்டு தானா எரியுதுன்னு யூனிட்ல ஆளாளுக்கு ஒரு கதை. மனுஷன் யோசிச்சுருக்காரு, நாம தேடிப்போற எடத்த விட தங்கியிருக்கற எடம் நல்லாருக்கேன்னு. அடுத்த படத்துக்கு அதே ஹோட்டலுக்கே வந்துட்டாரு, அங்கயே தங்கி அங்கயே ஷூட்டிங், படத்துலயும் ஹோட்டல் பேரு யாங்கி பெட்லர்தான், மாத்தவே இல்ல. பட்ஜெட் சுமார் 7,50,000 டாலர், அப்ப டாலர் ரேட்டுக்கு மூன்றரை கோடி ரூபாய்க்குள்ள வரும். ஹாலிவுட்டுல அது ஒண்ணுமே இல்ல.

சேலத்துக்காரங்களுக்கு இந்த ஐடியா புதுசு கெடையாதுங்க. ஏற்காடு ரோட்டுல போறப்ப அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிக்குதுல்ல, 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச சினிமா ஸ்டூடியோ அது, ஒரே காம்பவுண்டுக்குள்ள எல்லாத்தையும் வெச்சு நூத்துக்கு மேல படம் எடுத்துருக்காங்க, தமிழ்ல முதல் கலர் படம் 1956ல அங்க இருந்துதான் வந்துச்சு. யூனிட்ட ஊர் ஊரா அலைய விட்டா காசு ரோட்டுலயே கரைஞ்சுரும்னு தெரிஞ்ச மனுஷன். சரி அது தனி வீடியோவே போடலாம், நம்ம ஹோட்டலுக்கு வருவோம்.

கதை. ஹோட்டல இழுத்து மூடப்போறாங்க, இதுதான் கடைசி வீக்கெண்ட். ஓனர் ஜாலியா வெளிநாட்டுல இருக்காரு. வேலைக்கு ரெண்டே பேரு, க்ளேர்னு ஒரு பொண்ணு, லூக்குன்னு ஒரு ஆளு. சாரா பாக்ஸ்டன், பாட் ஹீலி நடிச்சுருக்காங்க. மாத்தி மாத்தி ஷிஃப்ட் பாக்குறாங்க, தூங்குறதும் அங்கயே. கெஸ்ட்டுன்னு பாத்தா புருஷன்கிட்ட கோச்சுகிட்டு பையனோட வந்துருக்கற ஒரு அம்மா, அப்புறம் லீயான்னு ஒரு பழைய நடிகை. மூணாவது மாடி ஏற்கனவே காலி, கட்டில் பீரோவெல்லாம் தூக்கியாச்சு.

ரெண்டு பேருக்கும் பேய் புடிக்கிற ஆசை. ரொம்ப காலத்துக்கு முன்னாடி மேடலின் ஓ'மாலின்னு ஒரு கல்யாணப்பொண்ணு, கட்டிக்கறேன்னவன் கைவிட்டுட்டு போயிட்டான், இந்த ஹோட்டல்லயே செத்துப்போயிட்டா, விஷயம் வெளிய தெரிஞ்சா யாவாரம் போயிரும்னு அன்னைக்கு இருந்த ஓனருங்க உடம்ப பேஸ்மென்ட்ல மறைச்சு வெச்சாங்க, அப்படின்னு ஒரு கதை. பேய் வந்த காரணத்த நல்லா கவனிங்க, பழி வாங்குறது பில்லி சூனியம் எல்லாம் இல்ல, ரூம் புக்கிங் குறையக்கூடாதுன்னு பாத்த கணக்குதான். லூக்கு இத வெச்சு ஒரு வெப்சைட் போடுறான், மூடுறதுக்குள்ள ஒரு ஆதாரமாச்சும் புடிச்சுரணும்னு ரெக்கார்டரும் மைக்குமா சுத்துறாங்க.

முதல் ஒரு மணி நேரத்துக்கு பெருசா எதுவுமே நடக்காது. நெறைய பேரு இங்கதான் ஆஃப் பண்ணிட்டு போயிருவாங்க. போர் அடிக்கிற வேலையத்தான் காட்டுறாங்க, டவல் கேக்குறாங்க டவல் குடுக்குறா, காபி வாங்கப்போறா, குப்பை போடுறா. லூக்கு ஒரு வீடியோ காட்டுறான், காலி நாற்காலி, உத்துப்பாரு உத்துப்பாருன்னு பாக்க வெச்சு திடீர்னு ஒரு கோர மூஞ்சி கத்திட்டு வரும், அந்த காலத்து ஈமெயில் பிராங்க். குப்பை போட்டு முடிச்சுட்டு பேஸ்மென்ட் வெளிக்கதவ தொறந்தா சர்ருனு ஒரு பறவை பறக்கும். நாமளும் சிரிச்சுட்டு அசால்ட்டா உக்காந்துருவோம், அந்த குப்பை சீன் எனக்கு புடிச்சதும் அதுக்குத்தான். அதுக்கப்புறம்தான் அதே கதவு.

ஏற்காட்டுல ஒரு லாட்ஜ்ல என் சித்தப்பா பையன் நைட் டியூட்டி பாக்குறான். மே மாசம் கோடை விழா சமயத்துல ரிசப்ஷன் முன்னாடி நிக்க எடம் இருக்காது, அதுவே நவம்பர் மாசம் வாரநாள்ல போனீங்கன்னா இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து பாத்தா மொத்த லாட்ஜுக்கும் ஒரு ரூம்ல லைட்டு எரியும். வென்டிலேட்டர் வழியா மஞ்சு உள்ள வந்து கவுன்டர்ல வெச்ச ரெஜிஸ்டர் நோட்டு பக்கமெல்லாம் நமுத்து போயி, பேனா வெச்சு எழுதுனா எழுத்து ஊறிரும். ராத்திரி ரெண்டு மணிக்கு சீலிங் மேல தடதடன்னு யாரோ ஓடுறாப்ல சத்தம் கேக்கும், அது மரநாய். வெயில்ல காஞ்ச தகர ஷீட்டு ராத்திரி குளிருல சுருங்கறப்ப டொக்கு டொக்குன்னு கதவு தட்டுற மாதிரியே விழும். காலியா கெடக்குற ரூமோட பைப்ல காத்து அடைச்சு ஊமன்னு ஒரு ஊளை. "பேய்க்கெல்லாம் பயமில்லடா, வந்தா ஆதார் ஜெராக்ஸ் கேப்பேன், நடுராத்திரி தண்ணியடிச்சுட்டு வந்து ரூம் கேக்குறாம்பாரு அவனுக்குத்தான் பயம்"ன்னான். இந்த படம் அவன மாதிரி ஆளுங்க படம். யாருமே இல்லாத எடத்துல முழிச்சுகிட்டு இருக்கறதுக்கு சம்பளம் வாங்குற ஆளுக்கு, ஏதாச்சும் நடந்தா தேவலன்னு தோணும்ல, அந்த ஆசைய வெச்சுதான் டை வெஸ்ட் மொத்த பயத்தையும் கட்டுறாரு.

இப்ப அந்த ரெக்கார்டர் சீனுக்கு வரேன், படத்தோட உயிரே அதுதான்.

க்ளேர் ஹெட்போன் மாட்டிகிட்டு காலி ஹால்ல மைக்க நீட்டுறா. நமக்கும் அவ காதுல கேக்குறதுதான் கேக்குது. முதல்ல வெறும் இரைச்சல். கொஞ்ச நேரத்துல பியானோ மாதிரி என்னவோ. இதுக்கு ஈவிபின்னு பேரு, ஆவியோட குரல ரெக்கார்ட் பண்றது. இந்த பழக்கம் பரவுனது எப்படின்னா, ஃப்ரெட்ரிக் யூர்கன்சன்னு ஸ்வீடன்ல ஒருத்தரு 1959ல பறவை சத்தத்த டேப்ல புடிச்சாரு, திருப்பி போட்டு கேட்டா மனுஷ குரல் கேக்குதுன்னு சொன்னாரு, அங்க புடிச்சது. டெக்னிக்கலா இதுல என்ன நடக்குதுன்னா, சாதா ரெக்கார்டர் நெறையத்துல ஆட்டோ கெயின் இருக்கும், சத்தம் கம்மியானா அதுவே லெவல ஏத்திக்கும். யாரும் பேசாத ரூம்ல ஏத்திகிட்டே போகும். அப்ப ரெக்கார்டரோட சொந்த உஸ்ஸ்ஸ் இரைச்சல், ட்யூப்லைட் சோக்கு, எங்கயோ ரோட்டுல போற லாரி, எல்லாம் மொத்தமா கலந்து மேல வரும். நம்ம மூளை இருக்கே, அதுக்கு எங்க பாத்தாலும் மூஞ்சி தெரியணும், எங்க கேட்டாலும் பேச்சு கேக்கணும், அந்த இரைச்சல்ல ஒரு பேர கண்டுபுடிச்சுட்டுதான் ஓயும். அதுலயும் பக்கத்துல ஒருத்தன் "கேக்குதா, மேடலின்னு சொல்லுது பாரு"ன்னுட்டான்னா முடிஞ்சுது, அதுக்கப்புறம் உங்களுக்கு வேற எதுவும் கேக்காது.

காதுக்கே கேக்காத சத்தத்துக்கும் ஒரு கேஸ் இருக்கு. விக் டேண்டின்னு இங்கிலாந்துல கோவென்ட்ரி ஊர்ல ஒரு இன்ஜினியர், ராத்திரி லேப்ல தனியா வேலை பாக்குறப்ப உடம்பு சில்லுன்னு ஆயி கண்ணோரத்துல சாம்பல் கலர்ல ஒரு உருவம் நிக்குது, திரும்பி பாத்தா இல்ல. மறுநாள் வாள்சண்டை போட்டிக்காக தன்னோட கத்திய வைஸ்ல மாட்டி வெச்சாரு, அது தானா நடுங்குது. நோண்டி பாத்தா புதுசா மாட்டுன எக்ஸாஸ்ட் ஃபேன், அதுல இருந்து சுமார் 19 ஹெர்ட்ஸ்ல ஒரு அதிர்வு, நம்ம காது பொதுவா 20ல இருந்துதான் கேக்கும். ஃபேன சரி பண்ணதும் பேயும் போச்சு. 1998ல கட்டுரையாவே எழுதிட்டாரு. எல்லா பேய்க்கும் இது பதில்னு நான் சொல்லல, ஆனா பழைய ஹோட்டல் பேஸ்மென்ட்டுன்னா பாய்லர், மோட்டார், பைப்புன்னு எல்லாமே அங்கதான இருக்கும், யோசிச்சுக்கோங்க.

[திரையில: கீழ எறங்குற படிக்கட்டு, பின்னணி இசை கட்]

பாதி படத்துக்கு மேல லீயான் வேலைய காட்ட ஆரம்பிக்கறாங்க. 1986ல 'டாப் கன்' படத்து ஹீரோயின் கெல்லி மெக்கில்லிஸ்தான் இது, அதே ஆளு இங்க மார்க்கெட் போன நடிகையா, இப்ப சாமியாரம்மா மாதிரி ஆவிகூட பேசுறவங்களா வராங்க. க்ளேர்கிட்ட தெளிவா சொல்றாங்க, பேஸ்மென்ட்டுக்கு போகாதன்னு. நம்மூர்ல குறி சொல்றவங்க தெக்கால போகாதன்னா போக மாட்டோம், அந்த புள்ள அன்னைக்கு ராத்திரியே பீர் அடிச்சுட்டு லூக்கையும் கூட்டிகிட்டு கீழ போகுது. ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்துருக்காங்க. க்ளேர் பேய கூப்புடுறா. அப்புறம் அவ கண்ணு லூக்குக்கு பின்னாடி போயி நிக்குது. "உனக்கு பின்னாடிதான் இருக்கு"ங்கறா. கேமரா பின்னாடி திரும்பவே இல்ல மக்களே! அவ மூஞ்சி மட்டும்தான் நமக்கு. பேய்க்கு மேக்கப் இல்ல, கிராபிக்ஸ் இல்ல, ஒரு பொண்ணோட முழி, ஒரு ஆம்பளையோட வேர்வை, இந்த சீன எடுக்க பேய்க்குன்னு ஒரு பைசா செலவாகியிருக்காது. லூக்கு எந்திரிச்சு ஓடுறான் பாருங்க, காருல ஏறித்தான் நின்னான், அங்கதான் ஒத்துக்குவான், வெப்சைட்ல போட்டதெல்லாம் கதை, தான் எதையும் பாத்ததே இல்லன்னு.

நடுவுல ஒரு பெரியவரு வந்துருந்தாரு, மூணாவது மாடில ஒரு குறிப்பிட்ட ரூமுதான் வேணும், கல்யாணமான புதுசுல பொண்டாட்டியோட தங்குன ரூமுன்னு. க்ளேர் பாவம்னு தொறந்து விட்டா. கடைசில எல்லாரையும் வெளிய கெளப்பணும்னு அவர கூப்புட போறா, பாத்ரூம்ல செத்து கெடக்குறாரு. அதுக்கப்புறம் சுத்தி சுத்தி பேஸ்மென்ட்லயே போயி மாட்டுறா, அந்த வெளிக்கதவு பூட்டியிருக்கு, மேடலினும் வருது பெரியவரும் வராரு. காலைல போலீஸ் ஆம்புலன்ஸ். க்ளேர் செத்துட்டா, ஆஸ்துமான்னு முடிச்சுட்டாங்க. படம் ஆரம்பத்துல இருந்து அந்த இன்ஹேலர காட்டிகிட்டே வந்தாங்கல்ல, அதுக்குத்தான்.

அப்ப பேயா, ஆஸ்துமாவா? டாக்டர் சொல்றதுக்கும் படத்துல எடம் இருக்கு, லீயான் சொல்றதுக்கும் எடம் இருக்கு. என்ன கேட்டா பேய் இருக்குங்கற பக்கம்தான் டைரக்டர் நம்மள சாய்க்கறாரு, கடைசி ஷாட்ல க்ளேர் ரூம்மயே நேரா காட்டி மெல்ல உள்ள போறாங்க, ஜன்னல் பக்கம் லேசா ஒரு உருவம் தெரியும், ஃபோன்ல பிரைட்னஸ் கம்மியா வெச்சு பாத்தா தெரியவே தெரியாது, அடுத்து கதவு டமார்னு மூடும்.

குறைன்னா, பேஸ்மென்ட்ல அவ்ளோ அழகா காட்டாம விட்டவரு கிளைமாக்ஸ்ல மேக்கப் போட்ட மேடலின நேராவே காட்டிட்டாரு, அந்த எடத்துல எனக்கு பயம் எறங்கிருச்சு. காபி கடை சீனும் தேவையில்ல, இழுவை.

போன வீடியோ கமெண்ட்ல நம்ம பசங்க சில பேரு ஏற்காட்டுல பேய் ஷார்ட் ஃபிலிம் எடுக்கப்போறோம்னு கேட்டுருந்தீங்க. தம்பிங்களா, சீசன்ல போகாதீங்க, ரூம் வாடகையும் ஏறிரும், பக்கத்து ரூம்ல கல்லூரி பசங்க பாட்டு போட்டுருவாங்க, சவுண்டு எதுவும் தேறாது. மழைக்காலம் முடியற சமயமா பாத்து ஒரே லாட்ஜ்ல தங்கி அங்கயே எடுங்க. மஞ்சு ஃப்ரீயா கெடைக்குது, ஆனா அஞ்சு நிமிஷத்துல வரும் பத்து நிமிஷத்துல போகும், முதல் ஷாட்ல மஞ்சு அடுத்த ஷாட்ல வெயில்னா எடிட்டிங்ல கண்ணு பிதுங்கிரும், அதனால வெளி ஷாட்ட கொறைச்சு உள்ளயே வெச்சுக்கோங்க. ரெக்கார்டர்ல முதல் வேலையா ஆட்டோ கெயின ஆஃப் பண்ணுங்க. ஒவ்வொரு ரூம்லயும் யாரும் மூச்சு விடாம ஒரு நிமிஷம் சும்மா ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க, டப்பிங் பண்றப்ப அந்த ரூமோட அமைதிய கீழ போட்டாத்தான் குரல் அந்த எடத்துல ஒட்டும். குளிருக்கு கரி அடுப்ப ரூமுக்குள்ள வெச்சு கதவ மூடிட்டு மட்டும் படுக்காதீங்க, அந்த புகைல கார்பன் மோனாக்சைடு இருக்கும், வாசனையே வராது, தூக்கத்துலயே ஆள முடிச்சுரும். அப்புறம் ரெக்கார்டிங்குக்கு ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணுவீங்க, திருப்பி போட மறந்துட்டு கெளம்பிருவீங்க, லாட்ஜ்காரர் பாலு கெட்டுப்போச்சுன்னு திட்டுவாரு. அதுக்கு சவுண்டு ஆளுங்க பண்ற வேலை ஒண்ணு இருக்கு, ஆஃப் பண்றப்பவே வண்டி சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுருங்க, அத எடுக்காம எப்படியும் மலை எறங்க முடியாது.