பழிவாங்கலா, ஆட்டமா? கார்லைல் அணியின் 1912

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் கால்பந்து என்று பார்த்துவிட்டு மெஸ்ஸி ரசிகர்கள் யாராவது வந்திருந்தால் முதலிலேயே மன்னித்துவிடுங்கள். இது அமெரிக்கர்களின் கால்பந்து. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிரணி மடக்கிக் கீழே தள்ளும். பந்து வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து கைமாறும். இவ்வளவு தெரிந்தால் இன்றைக்குப் போதும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்று ஓர் ஊர். 1879இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி, அங்கிருந்த பழைய படைக்குடியிருப்பில் அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடையிலேயே பேசியவர் அவர் (அமெரிக்கப் பழங்குடியினரைத்தான் அப்போது இந்தியர் என்றார்கள்). பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசத் தடை போட்டார்கள், புதுப் பெயர் வைத்தார்கள். நோயில் இறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இடுகாடு இருந்தது. இதை முன்னால் சொல்லாமல் அந்த அணியைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

அது கல்லூரியே இல்லை. ஆனாலும் பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதியது. 1911இல் ஹார்வர்டை அதன் சொந்த மைதானத்தில் 18-15 என்று தோற்கடித்தது. பயிற்சியாளர் பாப் வார்னர். நட்சத்திரம் ஜிம் தார்ப், ஓக்லஹோமாக்காரர். 1912 கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டி சேர்ந்தது), டெகத்லான் (பத்து போட்டி சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வாங்கிவிட்டு, அந்த இலையுதிர் காலமே பள்ளி அணிக்குத் திரும்பி வந்தார். ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச். இந்த வெல்ச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் விதிகளும் மாறின. பத்துக் கெஜத்துக்கு மூன்று முயற்சி என்றிருந்தது நாலானது. டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதற்கு, 5 புள்ளியாக இருந்தது 6 ஆனது. களம் 110 கெஜத்திலிருந்து 100 கெஜமாகச் சுருங்கியது. முன்னோக்கி எறியும் பந்து 20 கெஜத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் போனது. அதுவரை இந்த ஆட்டம் பெரும்பாலும் எடையை வைத்து இடிக்கிற ஆட்டம். 1905இல் களத்தில் மாணவர்கள் செத்து, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே தலையிட வேண்டியிருந்தது. கார்லைல் பையன்கள் உடல் கனத்தில் பெரிய அணிகளுக்கு ஈடில்லை. வேகம், ஏமாற்று, கைமாற்று இவைதான் அவர்கள் ஆயுதம். கபடியில் பாடி வருபவன் ஒரு பக்கம் கை நீட்டி மறு பக்கம் காலால் தொடுவானே, அந்த வித்தைதான். புது விதிகள் இவர்களுக்காகவே எழுதியது போல வந்தன.

பருவத்தின் உச்சம் நவம்பர் 9. வெஸ்ட் பாயிண்டில் ராணுவக் கல்லூரி அணியோடு ஆட்டம். பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர் அந்த அணியில் ஆடினார். வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை லகோட்டா பழங்குடி மக்களைச் சுட்டுக் குவித்தது 1890இல், அதாவது 22 வருஷம் முன்பு. ஆட்டத்துக்கு முன்னால் வார்னர் இதையெல்லாம் சொல்லிப் பையன்களை உசுப்பினார் என்பார்கள். அப்பன் பாட்டனைக் கொன்ற படைக்குப் பேரன்கள் பதிலடி கொடுத்தார்கள் என்றே இன்றைக்கும் கதை ஓடுகிறது.

எனக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. கோபம் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்திருக்கும். ஆனால் களத்தில் நடந்ததைப் பாருங்கள். முதல் டச்டவுன் அடித்தது ராணுவம்தான், 6-0. கார்லைல் பதறவில்லை. ஓடுபவர்களில் இரண்டு பேரை இரு ஓரங்களுக்கும் தள்ளி நிறுத்தும் புது அணிவகுப்பை வைத்து, பந்து யார் கையில் இருக்கிறது என்றே எதிரிக்குத் தெரியாமல் செய்தார்கள். பொறுமை இழந்தது மறுபக்கம்: ராணுவ அணித்தலைவர் டெவோர், கார்லைலின் ஜோ கயானைத் தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். தார்ப் நீண்ட தூரம் ஓடி அடித்த டச்டவுன் ஒன்று தண்டனையில் ரத்தானது. அலெக்ஸ் அர்காசா மூன்று அடித்தார், ஜோ பெர்ஜி ஒன்று. முடிவு 27-6. இது ஆத்திரத்தில் ஆடும் ஆட்டமா? மூளையால் ஆடியவர்களுக்கு ரத்தவெறிப் பட்டம் கட்டுவதும் பழைய பார்வைதான் என்பேன்.

அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழக அணியிடம் 34-26 என்று தோற்றார்கள், அந்தப் பருவத்தின் ஒரே தோல்வி. 12 வெற்றி, ஒரு சமன். கடைசி ஆட்டத்தில் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32-0 என்று முடித்தார்கள்.

அப்புறம் என்ன ஆனது? 1913 ஜனவரியில் செய்தி வெடித்தது: தார்ப் முன்பு வட கரோலினாவில் காசு வாங்கி பேஸ்பால் ஆடியவர். காசுக்கு ஆடியவர்களுக்கு அன்றைய ஒலிம்பிக்கில் இடமில்லை. பதக்கங்கள் பறிபோயின. புகார் என்றால் 30 நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது ஒலிம்பிக் விதி; வந்தது ஆறு மாதம் கழித்து. யாரும் கவலைப்படவில்லை. பல வருஷம் தார்ப்பின் பயிற்சியாளராக இருந்த வார்னர், தனக்கு எதுவுமே தெரியாது என்றார். நம்புவது கஷ்டம். தார்ப் 1953இல் இறந்தார். பதக்கத்தைத் திருப்பித் தரும் முடிவு வந்தது 1982இல். அதிலும் இன்னொருவரோடு பங்கு போட்டுத்தான். தார்ப் மட்டுமே வென்றவர் என்று ஒத்துக்கொண்டது 2022இல்.

இப்போது கஸ் வெல்ச். அவர் மாணவர்களைத் திரட்டி, 200க்கும் மேற்பட்டோரிடம் கையெழுத்து வாங்கி, பள்ளியை விசாரிக்கக் கோரி மனு அனுப்பினார். 1914இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு கார்லைலுக்கே வந்தது. பிள்ளைகளை அடித்தது, விளையாட்டு நிதி போன வழி எல்லாம் பதிவாயின. வார்னர் நல்ல பயிற்சியாளர், ஆனால் மனிதராகக் கொள்கை இல்லாதவர் என்று குழுவின் முன் வெல்ச் சாட்சி சொன்னார். யோசித்துப் பாருங்கள், அணியின் குவார்ட்டர்பேக் தன் பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னது இது. அந்தப் பருவத்தில் துணிச்சலான செயல் எது என்று கேட்டால், வெஸ்ட் பாயிண்ட் வெற்றியை விட்டுவிட்டு நான் இதைத்தான் காட்டுவேன், பருவம் முடிந்த பிறகு நடந்தது என்றாலும்.

பள்ளித் தலைவர் பதவி இழந்தார். வார்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பெயர் வாங்கினார். 1918இல் பள்ளியை மூடி ராணுவ மருத்துவமனை ஆக்கினார்கள். வெல்ச் 1919இல் வாஷிங்டன் மாநிலக் கல்லூரியின் பயிற்சியாளர் ஆனார்.

சரி, நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.