கேபின் தரைக்கு அடியில் மின்சாரச் சூடு: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் 100 வாட்

[திரையில்: குளியலறை வாட்டர் ஹீட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டிய தகவல் அட்டை]

வணக்கம். கோலாலம்பூர் வீடுகளின் குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் வாட்டர் ஹீட்டரில் 3,600 வாட் என்று அச்சிட்டிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 20 சதுர மீட்டர் பரப்புள்ள சிறிய கேபின் ஒன்றின் தரைக்கு அடியில் பதிக்கும் மின்சாரச் சூடேற்றும் பாய்க்கு அதில் பாதி மின்சாரம்கூடத் தேவையில்லை. ஓசை இல்லை, புகை இல்லை, பதித்த பிறகு கண்ணுக்கும் தெரியாது. இருந்தும், ஒரே வகைப் பாயைப் பதித்த இரண்டு கேபின்களில் ஒன்றில் குடும்பமே வெறுங்காலோடு நடமாடுகிறது. மற்றொன்றில் இரவு முழுவதும் பாய் ஓடியும் ஸ்வெட்டரைக் கழற்ற முடிவதில்லை. இந்த வேறுபாட்டை விளக்கும் ஓர் எண் இருக்கிறது, அதைச் சொல்வதற்காகத்தான் இந்த வீடியோ.

வெயில் காயும் நம் ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கேமரன் மலையில் பலகையால் ஒரு சிறு கேபின் கட்டி, விடுமுறையில் குடும்பத்தோடு போய்த் தங்கும் நேயர்கள், தரைக்கு அடியில் பாய் போட்டால் கேபின் போதிய அளவு சூடாகுமா என்ற கேள்வியை அனுப்புகிறார்கள். நியூசிலாந்தில் குடியேறிய பிள்ளைகள், ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தால் தங்கட்டும் என்று வீட்டுக் கொல்லையில் கேபின் போடும்போது, அதே கேள்வியை அங்கிருந்தும் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம்: தரையைச் சூடாக்கி வீட்டைச் சூடாக்கும் வழக்கம் கொரியாவின் ஒண்டோலிலும் பண்டைய ரோமானியக் குளியல் கூடங்களிலும் இருந்தது, அங்கே தரைக்கு அடியில் ஓடிய நெருப்புப் புகையின் வேலையை இன்று ஒரு மெல்லிய மின்கம்பி செய்கிறது.

[திரையில்: மேசைமேல் விரித்த சூடேற்றும் பாய், நெருக்கமாக]

இதுதான் அந்தப் பாய். அரை மீட்டர் அகலம், எட்டு மீட்டர் நீளம், ஆக 4 சதுர மீட்டர். கண்ணாடி இழையால் பின்னிய வலையின் மேல், மூன்று மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத கம்பி பாம்பு வளைவாக ஒட்டப்பட்டிருக்கிறது. அறையின் வடிவத்துக்கு ஏற்ப இந்த வலையை வெட்டிப் பாயைத் திருப்பிப் போடலாம். கம்பியை மட்டும் எந்த நிலையிலும் வெட்டக்கூடாது, ஒன்றின்மேல் ஒன்று படவும் விடக்கூடாது. உறையில் 230 வோல்ட், 400 வாட் என்று இருக்கிறது. 230ஐ 230ஆல் பெருக்கி 400ஆல் வகுத்தால் 132 வருகிறது. கம்பியின் மின்தடை ஏறக்குறைய இத்தனை ஓம் இருக்க வேண்டும். இப்போது மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பாயின் இணைப்புக் கம்பிகளில் வைக்கிறேன், பாருங்கள்: 133 ஓம். பாய் நல்ல நிலையில் இருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் ஒரு முறை, விரித்த பிறகு ஒரு முறை, மேலே டைல் ஒட்டிய பிறகு ஒரு முறை என்று இதே அளவை எடுத்து எழுதி வைக்க வேண்டும். டைலை ஒட்டிய பிறகு பழுது தெரிந்தால் தரையை உடைப்பதைத் தவிர பெரும்பாலும் வேறு வழி இருக்காது.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்காவுக்காகச் செய்த 120 வோல்ட் பாயை வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் இழுக்கும் மின்சாரம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஆகவே 400 வாட் என்று எழுதிய 120 வோல்ட் பாயை நம் வீட்டு இணைப்பில் மாட்டினால், அது ஏறக்குறைய 1,470 வாட் இழுக்கும். மரத்தரைக்கு அடியில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நியூசிலாந்திலும் 230 வோல்ட்தான் என்பதால், அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

[திரையில்: 29°C – 20°C = 9°C]

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். தரையை நம் விருப்பப்படி சூடாக்க முடியாது. ஆட்கள் தொடர்ந்து புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தரநிர்ணயம்; அதற்கு மேல் போனால் பாதம் அசௌகரியத்தை உணரத் தொடங்கும். மேலே மரப்பலகை விரிப்பதாக இருந்தால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 27 டிகிரிக்கு மேல் அனுமதிப்பதில்லை. அறை 20 டிகிரியிலும் தரை 29 டிகிரியிலும் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் தரை அறைக்குக் கொடுக்கக்கூடிய வெப்பம் ஏறக்குறைய 100 வாட். எவ்வளவு விலை உயர்ந்த பாயை வாங்கினாலும், எந்த நாட்டிலிருந்து தருவித்தாலும், இந்த எல்லை மாறாது, ஏனென்றால் இது பாயின் எல்லை அன்று, நம் பாதத்தின் எல்லை.

ஐந்து மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள ஒரு கேபினை எடுத்துக்கொள்வோம். தரை 20 சதுர மீட்டர். அடிப்பகுதி மூடிய கட்டில், சமையல் மேடை, அலமாரி ஆகியவற்றுக்கு அடியில் பாய் போடக்கூடாது, ஏனெனில் அங்கே வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கிக் கம்பியைக் கெடுத்துவிடும். அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 14 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, இந்தத் தரை கொடுக்கக்கூடிய மொத்த வெப்பம் 1,400 வாட்.

இதே கேபின் நியூசிலாந்தின் தென் தீவில், வெளியே பூஜ்ஜியம் டிகிரி இருக்கும் ஓர் இரவில் நிற்கிறது. சுவரின் உயரம் 2.4 மீட்டர் என்றால் சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 43 சதுர மீட்டர். சுவர் வெறும் 20 மில்லிமீட்டர் பலகையாக இருந்தால், சுவர் வழியாக மட்டும் 2,600 வாட் அளவுக்கு வெப்பம் வெளியேறும். கூரையையும் ஜன்னலையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. 1,400 வாட் கொடுக்கக்கூடிய தரை இந்தக் கேபினை ஒருபோதும் 20 டிகிரிக்குக் கொண்டுவர முடியாது. சுவர்ச் சட்டங்களுக்கு நடுவே வெப்பத்தைத் தடுக்கும் 90 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளியை அடைத்துவிட்டால், அந்த 2,600 வாட் சுமார் 430 வாட்டாகக் குறைகிறது. கூரைக்கும் தரைக்கும் அதேபோல் காப்பிட்டு, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, கதவிடுக்குக் காற்றையும் கணக்கில் சேர்த்தாலும் மொத்த இழப்பு 1,100 வாட் அளவில் நின்றுவிடும். பாய் மாறவில்லை, மின்சாரம் மாறவில்லை, சுவருக்குள் அடைத்த கம்பளி மட்டுமே மாறியிருக்கிறது.

கேமரன் மலைக்குக் கணக்கு சற்று இரக்கம் காட்டுகிறது. அங்குள்ள தானா ராத்தா ஊரில் வழக்கமான இரவு 14, 15 டிகிரியில் இருக்கும். 1978 பிப்ரவரியில் பதிவான 7.8 டிகிரி போன்ற இரவுகள் மிக அரிது. வெளியே 14, உள்ளே 21 என்று வைத்தால் வெறும் பலகைச் சுவர்கூட 900 வாட்தான் இழக்கும். ஆனால் கேமரனில் நாம் கட்டும் கேபின்கள் பெரும்பாலும் சரிவான நிலத்தில், கால்களின்மேல் நிற்பவை. கம்பத்துப் பலகை வீடுகளை நம் முன்னோர் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியதற்கு ஒரு காரணம், அடியில் காற்று ஓடினால் வீடு குளிர்ச்சியாக இருக்கும் என்பதுதான். அந்த அறிவு மலை அடிவாரத்துக்குப் பொருந்துகிறது. மலை உச்சியில், சூடேற்றிய தரைக்கு அது நேர் எதிரியாகிவிடுகிறது.

[திரையில்: கேபின் தரையின் குறுக்குவெட்டுப் படம், மேலும் கீழும் அம்புக்குறிகள்]

இந்தப் படத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். கம்பியில் பிறக்கும் வெப்பத்துக்கு மேலே போக வேண்டும் என்ற அறிவு கிடையாது. எந்தப் பக்கம் தடை குறைவோ, எந்தப் பக்கம் குளிர் அதிகமோ, அந்தப் பக்கம் போகும். பாய்க்குக் கீழே வெறும் 20 மில்லிமீட்டர் பலகையும் அதற்குக் கீழே மலைக்காற்றும் இருந்தால், நீங்கள் காசு கொடுத்து உண்டாக்கிய வெப்பத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கீழே இறங்கி மண்ணோடு போய்விடும். சிமெண்டுத் தரையில் பாய் விரிக்காமல் படுத்துக்கொண்டு மேலே இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொள்வதைப் போன்றதுதான் இது. பலகைக்கு அடியில் 5 சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் அட்டையை, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான நுரை அட்டையை, இடைவெளியில்லாமல் பொருத்திவிட்டால், கீழே இறங்குவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 5 சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் தடுக்கும் வெப்பத்தை மரத்தால் தடுக்க வேண்டுமென்றால் 20 சென்டிமீட்டர் மரம் வேண்டும். எலியும் சாரலும் அட்டையைக் கெடுக்காதிருக்க, அதற்கும் கீழே சிமெண்டுப் பலகை ஒன்றை அடித்து மூடிவிடுங்கள்.

ஆகவே பட்ஜெட் குறைவாக இருந்தால், முதல் பணம் அடித்தரை அட்டைக்கும் கூரைக்கும் போகட்டும், பாய் அடுத்த ஆண்டு வரட்டும். கடைக்காரர்கள் இந்த வரிசையை விரும்பமாட்டார்கள். ஆனால் குளிரில் படுப்பவர் நீங்கள், உங்கள் பிள்ளைகள்.

வயரிங்கைப் பொறுத்தவரை ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: எக்ஸ்டென்ஷன் வயரில் இதை மாட்டாதீர்கள். தனிச் சர்க்கியூட், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, இரண்டு கம்பி வளைவுகளுக்கு நடுவே குழாய்க்குள் செருகிய தரை சென்சாருடன், சூட்டைப் பார்த்துப் பாயை நிறுத்தி ஓட்டும் தெர்மோஸ்டாட், இவ்வளவையும் மலேசிய எரிசக்தி ஆணையமான சுருஹன்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

வார இறுதியில் மட்டும் போகிறவர்கள் தடிமனான கான்கிரீட்டுக்குள் கம்பியைப் புதைக்க வேண்டாம். 10 சென்டிமீட்டர் கான்கிரீட்டை 15 டிகிரி உயர்த்த, சதுர மீட்டருக்கு 100 வாட் பாய்க்கு எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் பிடிக்கும். வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தால், சனிக்கிழமை விடியும்போதுதான் தரை சூடாகும். காப்பு அட்டைமேல் மெல்லிய பாயும் அதன்மேல் டைலும் போட்டால், ஒரு மணி நேரத்தில் கால் அந்த வித்தியாசத்தை உணரும்.

செலவு எவ்வளவு? 1,400 வாட் பாய், தெர்மோஸ்டாட்டின் தயவால் பாதி நேரம் மட்டுமே ஓடுகிறது என்று வைத்தால், பத்து மணி நேர இரவுக்கு 7 யூனிட் ஆகும். உங்கள் டிஎன்பி பில்லில் இருக்கும் கட்டணத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் குளிர்காலம் முழுவதும் தினமும் வசிப்பவர்களுக்கு நான் இதை முதன்மைச் சூடாகப் பரிந்துரைக்கமாட்டேன். வெப்பமும் தரும் ஏர்கோன் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. தரைப் பாய் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். அங்கே ஏர்கோன் அறையைப் பார்த்துக்கொள்ளட்டும், குளியலறையிலும் அப்பா அம்மாவின் கட்டிலோரத்திலும் மட்டும் பாய் போடுங்கள். முதியவர்கள் விடியற்காலையில் எழுந்து வைக்கும் முதல் அடி குளிர்ந்த டைலில் படாமல் இருப்பது, என்னைப் பொறுத்தவரை, எந்தக் கணக்கையும்விடப் பெரிய விஷயம்.

கேமரன்காரர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. 15 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடுகிறது. தலையணையிலும் போர்வையிலும் ஏறும் அந்தச் சில்லென்ற பிசுபிசுப்பு குறையும். காற்றிலிருக்கும் தண்ணீர் எங்கும் போய்விடவில்லை என்பதால், காலையில் ஜன்னலைச் சிறிது நேரம் திறந்து வைக்க வேண்டும்.

உங்கள் கேபினின் நீளம், அகலம், உயரம், சுவர் எதனால் ஆனது, தரைக்கு அடியில் காற்று ஓடுகிறதா என்ற விவரங்களைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, எந்தக் கேபின் அந்த 100 வாட்டுக்குள் அடங்குகிறது என்று திரையிலேயே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.